தப்பு எங்கள் பக்கம்தான்

அத்தியாயம் பதினேழு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்து லாக்கர் அறையில் விளக்கை அணைத்து, தலையில் போர்வையைப் போட்டு, என் அக்கா மகன் கூரோஷை நாலு பேர் அடித்தார்கள். வேற்று ஆட்கள் இல்லை. அவனோடு ஒரே அணியில் குஸ்தி போடுகிற பையன்கள். அவன் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து இருட்டில் ஒரே ஒரு குத்து விட்டான். அந்த நாலு பேரில் ட்வெய்ன் ப்ரூயிட் என்கிறவனுடைய மூக்கு உடைந்தது. போர்வை போட்ட நாலு பேரையும் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கை உடைத்தவன் மேல் விசாரணை வைத்துவிட்டார்கள். இதுவரைக்கும் போன வாரமே சொல்லிவிட்டேன்.

விசாரணை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.

டெஹ்ரானில் எங்கள் நாட்டு மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் புகுந்து ஆட்களைப் பிடித்து வைத்து அன்றோடு முப்பதாவது நாள். தொலைக்காட்சியில் தினம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் எங்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தான், அக்கா, பையன், நான். மொத்தம் நாலு ஈரானியர்கள், ஓக்லஹோமாவில் இந்தச் சின்ன ஊருக்கு அதுவே ஜாஸ்தி.

விடிந்ததும் கூரோஷ் குளியலறையில் எடை மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தான். விலாவைச் சுற்றி நான் போட்ட கட்டு அப்படியே இருந்தது. நான் நர்ஸ், கட்டு ஒழுங்காகத்தான் போடுவேன்.

"நூத்தி நாப்பத்தொம்போதரை. இன்னும் ஒன்றரை பவுண்டு குறைக்கணும் சித்தி."

"கட்டைக் கழட்டிட்டு நில்லுடா. அதுலயே பாதி போயிடும்."

சிரித்தான். சிரித்த உடனே விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

சனிக்கிழமை போட்டி. எடை கொஞ்சம் கூடினாலும் கோதாவில் இறக்க மாட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் இவன் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் நாலு வருஷப் படிப்பும் இவனுக்கு இலவசம். இந்த ஊர்க்காரர்கள் குஸ்தி என்றால் உயிரை விடுவார்கள். எங்கள் ரஷ்ட் நகரத்திலும் அப்படித்தான். அத்தான் ஹூஷங் அங்கே கோதாவில் இறங்கி நாலு பேரைச் சாய்த்தவர். மகன் நடக்கத் தொடங்கிய நாள் முதல் வரவேற்பறைக் கம்பளத்தில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பழக்கினார். பள்ளியிலிருந்து நீக்கிவிட்டால் அணியிலும் இடம் கிடையாது, சனிக்கிழமையும் கிடையாது. பிறகு யாருக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து வரப்போகிறார்கள்?

சமையலறையில் அத்தான் டை கட்டிக்கொண்டிருந்தார். மீசையை எடுத்து மூன்று வாரமாகிறது, இன்னும் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருக்கிறார். எண்ணெய்க் கிணற்றுப் பம்பு செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். அங்கே அவர் பெயர் ஹேங்க். வாசலில் அவர் நட்டிருக்கும் அமெரிக்கக் கொடி பக்கத்து வீட்டுக் கொடியைவிட ஒரு முழம் பெரியது. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி நாலு வருஷமாச்சு, அந்தச் சான்றிதழை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க? அங்க யாரும் கேக்கமாட்டாங்க," என்றேன்.

"இருக்கட்டும் நாஹீத். நாமளும் அவங்கள மாதிரி சாதாரண ஜனங்கதான்னு தெரிஞ்சுட்டா யாரும் நம்மளைக் கண்டுக்கவே மாட்டாங்க."

"சாதாரண ஜனங்க யாராவது சான்றிதழைப் பைல வச்சுட்டுச் சுத்துவாங்களா அத்தான்?"

அவர் டை முடிச்சை இறுக்கிக்கொண்டார். அக்கா மஹீன் அதற்குள் ஒரு டப்பாவில் அரிசி மாவு பிஸ்கட்டை அடுக்கி ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். ஏலக்காய் வாசனை தூக்கியது.

"அக்கா, நாம விசாரணைக்குப் போறோம். பொண்ணு கேக்கப் போகல."

"வெறுங்கையோட போய் நிக்கச் சொல்றியா? உனக்கு இங்க வந்து எல்லாமே மறந்துபோச்சுடி."

"அம்மா, ப்ளீஸ்," என்றான் கூரோஷ். "அதை வீட்லயே வச்சுடுங்க. ஏற்கெனவே என்னை ஒட்டகக்காரன்னு கூப்பிடறானுங்க."

"ஒட்டகமா? ரஷ்ட்ல எங்கடா ஒட்டகம்? வருஷத்துல பாதி நாள் அங்க மழை! உங்க தாத்தா குடையை மறந்துட்டு வெளிய போனதே கிடையாது!"

"அதை நீங்க போய் ட்வெய்ன் கிட்டச் சொல்லுங்க."

காரில் ஏறும்போது டப்பாவும் ஏறியது. அக்காவை யாரால் தடுக்க முடியும்?

போகிற வழியில் நான் அத்தானுக்கு மறுபடி ஞாபகப்படுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை குஸ்தி கோச் டாலிவர் வீட்டுக்கே வந்திருந்தார். நல்ல மனுஷன், பேச்சு கம்மி. அவர் சொன்னது இவ்வளவுதான். "கதவு வழியா வந்த வெளிச்சத்துல போர்வை போட்டதை நான் பாத்தேன். ஆனா நானா போய்ச் சொன்னா என் வேலை போயிடும். நீங்க புகார்னு வாயைத் திறந்து சொல்லுங்க. 'நாலு பேர் சேந்து எங்க பையனை அடிச்சாங்க, அவன் தன்னைக் காப்பாத்திக்கத்தான் கையை ஓங்கினான்'னு. நீங்க சொன்ன மறுநிமிஷம் நான் எழுந்து சாட்சி சொல்றேன். நீங்க சொல்லலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒரே ஒரு வரி அத்தான். நாலு பேர் அடிச்சாங்க. அவ்வளவுதான் நீங்க சொல்லவேண்டியது."

"தெரியும்மா. எனக்கும் இங்கிலீஷ் வரும்."

இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே வரும். நான்தான் அவரிடம் வேறு எதைப் பற்றியோ பேசியிருக்க வேண்டும்.

பிரின்சிபால் ஹாஸ்கின்ஸ் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ட்வெய்னின் அப்பா ரேண்டல் ப்ரூயிட் டயர் கடையில் வேலை செய்கிறவர். தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்திருந்தார். நகத்தில் கறுப்பு மை போல் அழுக்கு. ஓரத்தில் கோச் டாலிவர். மூலையில் தட்டச்சுப் பெண் காகிதம் செருகிக் காத்திருந்தாள்.

"காபி?" என்றார் பிரின்சிபால்.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்," என்றார் அத்தான்.

அவ்வளவுதான், பிரின்சிபால் கேத்தலைக் கீழே வைத்துவிட்டார். அத்தானுக்குக் காலையிலிருந்து தொண்டை காய்ந்து கிடந்தது. இரண்டாம் தடவை கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார் பாவம். பத்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்த இரண்டாம் தடவைக்குக் காத்திருக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அக்கா டப்பாவை மேஜைமேல் வைத்தாள். பிரின்சிபால் அதை ஒற்றை விரலால் தள்ளினார்.

"மேடம், விசாரணை நடக்கறப்ப நான் எதுவும் வாங்கக் கூடாது. நீங்க இதைத் தப்பா எதுக்கும் கொண்டுவரலைன்னு நம்பறேன்."

அக்காவின் காது மடல் சிவந்துபோனது. டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் ப்ரூயிட் பேசினார். அவர் கத்தப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தேன். கத்தியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். அத்தான் கத்துகிறவர்களிடம் சரிக்குச் சரி நிற்பார்.

ஆனால் அந்த மனுஷர் தணிந்த குரலில் பேசினார்.

"எனக்குப் பேசத் தெரியாது. நாங்க சாதாரண அமெரிக்க ஜனங்க, சண்டை சச்சரவுக்குப் போறவங்க இல்ல. என் பையனும் ஒண்ணும் சொக்கத்தங்கம் இல்லதான். ஆனா பையனுக்கு மூக்கு உடைஞ்சு போச்சு சார். அவங்க அம்மா ரெண்டு நாளா அழுதுட்டே இருக்கா."

இதைக் கேட்டதும் அத்தானுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். நெஞ்சில் கையை வைத்தார்.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். எதிராளி ஒரு படி இறங்கினால் நாம் இரண்டு படி இறங்க வேண்டும். அதைப் பார்த்து அவர் பதறி, மூன்று படி இறங்குவார். இப்படி மாறி மாறி இறங்கி, கடைசியில் யார் மேல் தப்போ அவரே அதை எடுத்துக்கொள்வார், யாருக்கும் முகம் கெடாது. ரஷ்ட்டில் காய்கறிக் கடைக்காரன்கூடக் காசு வேண்டாம் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் வாங்குவான். வேண்டாம் என்றானே என்று காசு கொடுக்காமல் போகிற மடையன் அங்கே யாரும் கிடையாது.

"மிஸ்டர் ப்ரூயிட்," என்றார் அத்தான். "உங்க பையன் வேற, என் பையன் வேற இல்ல. உங்க வீட்டம்மா அழுததைக் கேட்டு எனக்கு வெக்கமா இருக்கு. தப்பு எங்க பக்கம்தான்."

தட்டச்சு மெஷின் சடசடவென்று ஓடியது.

கோச் டாலிவர் தலையை நிமிர்த்தினார். நான் அத்தானுடைய முழங்கையைத் தொட்டேன். அவர் கவனிக்கவில்லை. ப்ரூயிட் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்படியெல்லாம் இல்லீங்க, எங்க பையன்தான் முதல்ல' என்று அந்த ஆள் இப்போது சொல்ல வேண்டும். அதுதான் முறை.

ப்ரூயிட் தொப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

தான் போதுமான அளவு இறங்கவில்லை என்று அத்தான் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இன்னும் இறங்கினார்.

"பிள்ளையைச் சரியா வளக்காதது என் குறை. எங்களுக்கு இடம் குடுத்த ஊர் இது. உங்களுக்கு மனக்கஷ்டம் வர்ற மாதிரி அவன் நடந்திருக்கவே கூடாது."

"அப்பா! என்ன சொல்றீங்க?" கூரோஷ் பாரசீகத்தில் கேட்டுவிட்டான்.

"சும்மா இருடா. மரியாதைக்குச் சொல்றேன்," என்று அத்தானும் பாரசீகத்திலேயே அதட்டினார்.

"இங்க எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுங்க," என்றார் பிரின்சிபால். குரல் கெட்டியாகிவிட்டது. "மிஸ்டர் ஹூஷங், நான் நேரடியாவே கேக்கறேன். உங்க பையன்தான் முதல்ல கை நீட்டினான்னு ஒத்துக்கறீங்களா?"

நான் அப்போது பேசியிருக்க வேண்டும். எழுந்து நின்று, 'இல்லை சார், இவர் உபசாரத்துக்குச் சொல்கிறார், நாலு பேர் போர்வை போட்டு அடித்தார்கள், இதோ பையனின் விலாவைப் பாருங்கள்' என்று கத்தியிருக்க வேண்டும். பேசவில்லை. அந்நியர் எதிரில் வீட்டு ஆம்பளையின் பேச்சை வெட்டிப் பேசுவது அசிங்கம் என்று வளர்ந்துவிட்டேன். அது மட்டுமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயமாகவும் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி எந்த ஊர் என்று கேட்டபோது கிரீஸ் என்று புளுகியவள்தானே நான்.

"நீங்க படிச்சவங்க, பெரியவங்க," என்றார் அத்தான் பிரின்சிபாலிடம். "நீங்க பாத்து எது சொன்னாலும் எங்க தலைமேல வச்சுக்கறோம்."

எங்கள் ஊரில் இப்படி ஒருவர் சொல்லிவிட்டால் எதிரே இருப்பவருக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி. அதன்பிறகு அவர் கடுமை காட்டவே முடியாது. காட்டினால் ஊரே காறித் துப்பும்.

ஹாஸ்கின்ஸ் தலையை ஆட்டினார். "ரொம்பப் பெருந்தன்மை. எல்லாருக்குமே வேலை சுலபமாச்சு."

தட்டச்சு செய்த பெண் காகிதத்தை உருவிக் கொடுத்தாள். அவர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உரக்கப் படித்தார். கல்வியாண்டு முடியும் வரை பள்ளியிலிருந்து நீக்கம். இன்றிலிருந்தே.

அத்தானுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இல்ல, இல்ல, சார்! அப்படி இல்ல! நாலு பேர் சேந்து இவனை அடிச்சாங்க. தலைல போர்வையைப் போட்டு அடிச்சாங்க. இவன் தன்னைக் காப்பாத்திக்கத்தான்..."

"இப்பத்தான் தப்பு உங்க பக்கம்னு சொன்னீங்க."

"அது மரியாதைக்குச் சொன்னது!"

ஹாஸ்கின்ஸ் காகிதத்தை விரலால் தட்டினார். "அப்படின்னா, மிஸ்டர் ஹூஷங், நீங்க அப்பப் பொய் சொன்னீங்களா, இப்பப் பொய் சொல்றீங்களா?"

அத்தான் கோச் பக்கம் திரும்பினார். டாலிவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இனிப் பயனில்லை என்பது போல் கையை விரித்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ப்ரூயிட் தொப்பியைப் போட்டுக்கொண்டார். போகும்போது, "இந்த ஆளுங்க பேச்சை எப்பவுமே நம்ப முடியாதுன்னு டிவில சொல்றது சரிதான்," என்றார். அடிக்குரலில்கூடச் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கும்படியே சொன்னார்.

கூரோஷ் எங்களோடு காரில் ஏறவில்லை. லாக்கரில் சாமான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு நடந்து வருகிறேன் என்றான்.

வழியெல்லாம் அக்கா டப்பாவின் ரிப்பனை முறுக்கிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் வந்து டப்பாவை அப்படியே குப்பையில் போட்டாள். அதன்பிறகுதான் ஆரம்பித்தாள்.

"சொந்தப் பிள்ளையை நீங்களே பிடிச்சுக் குடுத்துட்டீங்களே! அவன் விலாவைப் பாத்தீங்களா? பாத்துட்டுமா அந்த ஆள் முன்னாடி நெஞ்சுல கை வச்சீங்க?"

"அவன் தன்மையா பேசினான் மஹீன்! ஒருத்தன் அப்படிப் பேசறப்ப நான் எப்படி..."

"பேசினா? உங்க மரியாதையைக் காப்பாத்திக்கப் பையனை விட்டுட்டீங்க. பத்து வருஷமா ஹேங்க், ஹேங்க்னு எவன் எவனோ கூப்பிடறான், பல்லைக் காட்டறீங்க. மீசையை எடுத்தீங்க. கொடி நட்டீங்க. எல்லாத்துலயும் அமெரிக்காக்காரனா மாறிட்டீங்க. மாறவேண்டிய அந்த ஒரு நிமிஷத்துல மட்டும் ரஷ்ட்டுக்குப் போய் உக்காந்துட்டீங்களே!"

அத்தான் கார்கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பிரின்சிபாலுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அந்தத் தட்டச்சுப் பெண்தான் எடுத்தாள், பதிவானது பதிவானதுதான் என்றாள். கோச் வீட்டில் யாரும் எடுக்கவே இல்லை.

ஆறு மணிக்குக் கூரோஷ் வந்தான். நேராகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான்.

"அம்மா, சோறு போடுங்க."

ஒரு மாதமாக அவன் இரவில் அவித்த முட்டையும் ஆரஞ்சும் தவிர எதையும் தொட்டதில்லை. அக்கா ஓடிப்போய்ச் சோறும், மாதுளம்பழச் சாறு விட்ட கோழியும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டான். இன்னொரு தட்டு கேட்டான். அதையும் சாப்பிட்டான். எங்களால் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் முடிந்தது.

அத்தான் வந்து எதிரே உட்கார்ந்தார். கூரோஷ் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் விரித்தான். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற படிவம். சலவைக்கடை பக்கத்தில் அவர்களுக்கு ஓர் ஆபீஸ் இருக்கிறது.

"ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்," என்றான். "பள்ளிக்கூடம் முடிக்கலைன்னாலும் பரவாயில்லையாம். ஒரு பரீட்சை வச்சு எடுத்துப்பாங்களாம்."

"உனக்கென்ன பைத்தியமாடா?" அக்கா அலறினாள். "நாளைக்குச் சண்டை வந்தா உன்னை எங்க அனுப்புவாங்க? ரஷ்ட்ல உன் பெரியம்மா பையன் பட்டாளத்துல இருக்கான். அவனைச் சுடப் போறியா?"

"அங்க எல்லாருக்கும் ஒரே சட்டை, எல்லாருக்கும் மொட்டை. சாதாரண அமெரிக்கப் பையன் என்ன செய்வானோ அதை நானும் செய்வேன். என்னை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"கேப்பாங்கடா," என்றேன் நான். "அங்கயும் கேப்பாங்க."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. பேனாவை எடுத்து அப்பா பக்கம் நகர்த்தினான்.

அத்தான் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். 'யோசிக்கலாம்' என்பார், 'உன் இஷ்டம்' என்பார், 'உங்க அம்மாவைக் கேளு' என்பார் என்று நான் நினைத்தேன். இருபது வருஷமாக அவரை எனக்குத் தெரியும். யாருக்கும் எதற்கும் முகத்துக்கு நேரே அவர் மறுப்புச் சொன்னதே இல்லை.

"முடியாது," என்றார் அத்தான்.

"என்னது?"

"முடியாதுன்னேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன். உன்னை அனுப்ப மாட்டேன். என் பையன் மேல ஒரு தப்பும் இல்ல."

குரல் உடையவே இல்லை. தெருவில் போகிறவனுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

கூரோஷின் கண் நிறைந்துவிட்டது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"இதைக் காலைல சொல்லியிருக்கலாமே அப்பா."

அத்தான் பேனாவைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அக்கா முக்காடு மாதிரி மேஜை விரிப்பின் நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கூரோஷ் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"ஜனவரி பதிமூணாம் தேதி எனக்குப் பதினெட்டு. இன்னும் நாப்பத்தொரு நாள். அதுக்கப்புறம் உங்க யாரோட கையெழுத்தும் எனக்கு வேணாம்."